சரோஜாவுக்குக் கட்டிய வேட்டி

12.8.1983, வெள்ளி

எங்களைப் போன்றவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்டார்.

"ஆம்பளையா பொறந்துட்டு சேலை கட்டுறியே, இந்தச் சீக்கு எப்போ வந்துச்சின்னு கேக்குறாங்க." கிராணிக்குச் சிரிப்பு வேறு.

"சீக்கெல்லாம் இல்லலா, ஐயா. இதை எழுதிக்கச் சொல்லுங்க. நாங்க செத்தா வேட்டியா, சேலையா?"

கிராணியின் சிரிப்பு நின்றது. போன மாதம் எங்களில் ஒருத்தியான சரோஜா செத்தபோது, அவள் கூந்தலை வெட்டி, வேட்டி கட்டிச் சுடுகாட்டுக்கு அனுப்பியவர் அவர்தான்.

அந்த அம்மா நிரப்பும் பாரத்தில் அந்தக் கேள்வி இல்லையாம். எழுந்து வந்துவிட்டேன்.

நேரே கம்போங் ராஜா டவுனுக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இனி நாங்களே கேட்போம், நாங்களே எழுதுவோம். நாளைக்கு எங்களில் இன்னொருத்தியான ராணியிடம் கேட்கிறேன். கோலா தெர்லாவைத் தாண்டி பூர்வகுடிகளான ஒராங் அஸ்லிகளின் கிராமத்தில் எங்களைப் போல ஒருத்தி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம்.

முதல் பக்கம் என்னுடையது. பெயர் முனியம்மா. பச்சைச் சேலை, பெட்டியில் மேலாகவே இருக்கிறது. தலை நிறையப் பூ வேண்டும். என் கூந்தலில் எவன் கத்தரியும் படக் கூடாது.