மாமாவுக்கு ஏழு, உமாபதிக்கு ஐந்தரை

குவைத்
4.2.2002

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். எனக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் போன வாரம் கம்பெனி டிரைவர்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதில் பி.எஸ்.ஏ. என்று ஒரு அளவு எனக்கு ஐந்தரையாம், நாலுக்குள் இருக்க வேண்டுமாம். சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். திருப்பதியில் புரோஸ்டேட்டுக்காக உங்களுக்கு எடுத்ததும் இதே டெஸ்ட்தானே? சீக்கு என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பயமாக இருக்கிறது.

உங்கள் மச்சான்,
உமாபதி

புத்தலப்பட்டு
20.2.2002

அன்பு மச்சானுக்கு,

பயப்படாதே. எனக்கு ஏழு. புற்றுநோய் என்று நினைத்துத்தான் நானும் அக்காவும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, வயதானால் புரோஸ்டேட் வீங்கும், அதோடு இந்த அளவும் ஏறும் என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். உன்னுடையது என்னுடையதைவிடக் குறைவு. வேலையைப் பார்.

டெஸ்ட் விஷயத்தை அக்காவிடம் சொல்லவில்லை. "வேளைக்குத் துன்றானான்னு கேளு" என்கிறாள். இங்கே வெல்லம் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
நாகபூஷணம்

புத்தலப்பட்டு
15.3.2002

மச்சானுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நேற்று மாத்திரைக்காகத் திருப்பதி போனேன். என் மச்சானுக்கும் இப்படித்தான், ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டேன் என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன் வயதைக் கேட்டார். ஐம்பத்தொன்று என்றேன்.

"உங்களுக்கு எழுபது, சுரப்பியும் பெருசு. அதனால ஏழு. அவருக்கு வயசு கம்மி, வீக்கத்தோட தொந்தரவும் இல்லன்றீங்க. அப்போ அந்த ஐந்தரை எங்கேர்ந்து வந்துச்சு? பார்க்காம விடக்கூடாது" என்றார்.

ஒன்றும் இல்லாமலும் போகலாம், பார்த்தால்தான் தெரியுமாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன், மச்சான். என் பேச்சை நம்பாதே. சதை எடுக்கச் சொல். வேலை போனால் போகட்டும். இங்கே நிலம் இருக்கிறது, நான் ஒருவனாக எவ்வளவு பார்ப்பேன்?

நாகபூஷணம்

குவைத்
2.5.2002

மாமாவுக்கு,

உங்கள் முதல் கடிதம் வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். அடுத்தது வந்தபோது உங்கள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே போய் வேறு சீட்டு வாங்கினேன்.

புற்றுநோய்தான், மாமா. சின்னது. வெளியே பரவவில்லை. ஆபரேஷன் செய்தால் குணமாகிவிடும் என்கிறார்கள். ஊர்ப் பக்கமே செய்துகொள்கிறேன். கம்பெனியில் சொல்லிவிட்டேன், இந்த மாதக் கடைசியில் விமானம்.

இப்போது கோபமெல்லாம் இல்லை. இரண்டாவது கடிதத்தை நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எழுதினீர்கள்.

அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் அழுது முடித்த பிறகு நான் வந்து சேர்கிறேன்.

உங்கள்,
உமாபதி