மாக்கிரட்டின் சனிக்கிழமைச் சாப்பாடு

இஷொய், டென்மார்க்,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன் சுஜிந்தனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், குளிர் போனதிலிருந்து அப்பாவின் முழங்காலும் சுகம். மெல்பேணில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் என்றால் யா, யா என்று டேனிஷில் வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் தொண்டர் கழகம் சனிக்கிழமைகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது உனக்குத் தெரியும். எனக்கு வாய்த்தவர் பக்கத்துக் கட்டடத்து மாக்கிரட். எண்பதைத் தாண்டியும் உதட்டுச் சாயம் பூசாமல் கதவு திறக்காத டேனிஷ்காரி. கழகத் தலைவர் மாமாங்கம் அண்ணை தங்கமான மனிதர், ஆனால் பதாகையும் படமும் இல்லாமல் ஒரு தேங்காய்கூட உடைக்கமாட்டார். ஆண்டு விழா வருகிறதென்று போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். நம் சனத்தின் வழக்கம் தெரியும்தானே, ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எட்டொன்பது பேர் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தோம். நடுவில், என் குரல் கேட்டு அவசரமாகக் கதவு திறந்த மாக்கிரட், வீட்டுச் சட்டையோடு, சாயம் பூசாமல். அன்றே முகநூலில் ‘ஆதரவற்ற மூதாட்டிக்கு எமது உதவி’ என்று படம் ஏறிவிட்டது. மாக்கிரட்டின் மகள் அதை டேனிஷில் மாற்றி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த சனி மணி அடித்தேன், கதவு திறக்கவில்லை, உள்ளே வானொலி மட்டும் கேட்டது. கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். “நான் ஆதரவற்றவள் இல்லை, யோகா. சேர்ந்து இருந்து சாப்பிட ஒரு ஆள் வேணும் எண்டுதான் உன்னை வரச் சொன்னனான்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதைச் சொன்னபோதுதான் நீ, கழகத்தை விட்டுவிடுங்கோ அம்மா என்றாய். விடுவேனா? எனக்கு அந்த மனுசி வேண்டும், மகன். நீ போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அவருடைய குசினியில்தான். கழகக் கூட்டத்தில் எழுந்து படத்தை முகநூலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். படம் போடாவிட்டால் எங்கள் சேவை யாருக்குத் தெரியும் என்று அண்ணை சீறினார். “உங்கட அம்மாவை இப்பிடி நிப்பாட்டிப் படம் எடுக்க விடுவியளோ, அண்ணை?” என்று கேட்டேன். மேசைக்குக் கீழே அப்பா என் காலை மிதித்தது எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்.

படம் அன்றே போனது. அதோடு விடாமல் அண்ணை பூக்கொத்து வாங்கிக்கொண்டு தனியே போய், தன் அரைகுறை டேனிஷில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மாக்கிரட் மன்னித்தார், ஒரு நிபந்தனையோடு. ஒரு சனி எங்கள் சாப்பாடு, மறு சனி அவர் சமைப்பது, அதற்கு அண்ணையும் வரவேண்டும். நேற்றுப் போனோம். அவித்த உருளைக்கிழங்கும் மீனும், உறைப்பு மருந்துக்கும் இல்லை. அண்ணை கதிரை நுனியில் இருந்துகொண்டு காணும், போதும் என்று கூச்சப்பட, மாக்கிரட் சிவந்த உதட்டோடு சிரித்தபடி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிறும் நிறைந்தது, மனமும் நிறைந்தது. கீழே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது அண்ணை மெதுவாகச் சொன்னார்: “தங்கச்சி, எனக்கு இவ்வளவு காலமும் குடுத்துத்தான் பழக்கம். வாங்கிறது இவ்வளவு கஷ்டமெண்டு இண்டைக்குத்தான் தெரியுது.”

நீயும் அங்கே வயதானவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் குழுவில் சேர்ந்தது பெரிய சந்தோசம். பிள்ளையார் உனக்குத் துணை நிற்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீ நெடுங்காலம் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பாதே, அவர்கள் தருவதை இருந்து சாப்பிட்டுவிட்டு வா.

உன்மேல் உயிரான அம்மா,
யோகமலர்