ஐந்தாம் துளைக் கம்பி

காஜா பெராங், மலாக்கா
சுபானு வருடம், ஆவணி 8

அன்பு மகள் கமலவேணிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் அம்மா நலம், கோழி நலம், நானும் மூக்குக்குக் கீழே ஓரிடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம். தைப்பிங்கில் நீயும் உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். அந்த ஓரிடம் என்னவென்று நீ கேட்காவிட்டாலும் உன் அம்மா துணிக்கடை உமரிடம் சொல்லியனுப்பி விடுவாள், ஆகையால் நானே முந்திக்கொள்கிறேன். என் மீசை போய்விட்டது. வீட்டில் விளக்கு அணைந்தது, ஃபியூஸ் கம்பி எந்தக் கடையிலும் இல்லை, செம்புக் கம்பியில் இரண்டு இழை எடுத்து முறுக்கிப் பீங்கான் கட்டையில் வைத்துச் செருகினேன். எலி கடித்த வயர் மேலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதை முதலில் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. பளீரென்று ஒரு வெளிச்சம், வலது பக்கத்து மீசை கருகிவிட்டது. இடது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் நடப்பது, அதையும் மழித்துவிட்டேன். பதினெட்டு வருடமாக வயர்மேன் வேலை பார்க்கிறவன் தன் வீட்டு ஃபியூஸிடம் மீசையைக் கொடுத்த கதை காஜா பெராங் முழுக்கப் பரவிவிட்டது. உன் அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருபத்தாறு வருஷமா இந்த மூஞ்சியையா மறைச்சு வச்சிருந்தீங்க என்று கேட்டாள். பக்கத்து வீட்டுச் செட்டிக்காரர், தமிழ் மறந்த மலாக்காச் செட்டி, மலாயில், யாரைப் பார்க்க வந்திருக்கீங்க, தியாகு வெளியே போயிருக்கார் போல என்று சிரிக்காமல் சொன்னார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உமர் கருவாடு ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுக்கிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் ஜப்பான்காரனின் ஆட்கள் நாலு பேர் பிரித்துப் படிப்பார்கள். நீயும் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, அப்பா கையெழுத்து அழகாக இருக்கிறதென்று வைத்துக்கொள்ளாதே, அந்தக் குறை அதற்குக் கிடையாது. விஷயத்துக்கு வருகிறேன் வேணி, எனக்குக் கை பரபரக்கிறது, ஒரு வாரமாக இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கோழியிடம்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் மரவள்ளிக் கிழங்கு மாவு மில்லில் இரண்டு மோட்டார் இருந்தன அல்லவா, அதில் ஒன்று பங்குனி மாதம் எரிந்துபோனது. உனக்கு எழுதவில்லை, ஏனென்றால் எரித்தவன் உன் அப்பா. இந்த ஊரில் எவன் போட்ட ஃபியூஸ் போகாமல் நிற்கிறதோ அவன்தான் கெட்டிக்கார வயர்மேன். தியாகு போட்டா அடுத்த தீபாவளி வரைக்கும் போகாது என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள், நானும் மீசையைத் தடவிக்கொள்வேன், அப்போது தடவுவதற்கு இருந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று மில்லில் தடித்த செம்புக் கம்பியாகப் பார்த்துப் போட்டேன். ஒருநாள் கிழங்கு அரைக்கும் உருளை இறுகி நின்றுவிட்டது, மோட்டார் திணறியது, என் ஃபியூஸ் கம்பீரமாக அப்படியே நின்றது, மோட்டார் புகைந்து போனது. அன்றைக்கு ஜப்பான்கார மேனேஜர் என்னைத் தலைக்குமேல் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பகல் முழுக்க நிற்க வைத்தார். அந்த வாளியின் கீழே நின்றபோதுதான், போக வேண்டிய நேரத்தில் போவதற்குத்தானே அதை வைத்திருக்கிறார்கள் என்று உன் அப்பாவின் மண்டையில் உறைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சுருள் சுருளாகக் கம்பி கிடைத்தபோது உறைக்காதது.

மிஞ்சியது ஒரே மோட்டார். இதுவும் போனால் மில்லை மூடிவிடுவேன், வேலையில்லாத ஆட்களுக்குச் சயாமில் ரயில் பாதை போடும் வேலை காத்திருக்கிறது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெறும் மிரட்டல் இல்லை. மில் ஆட்கள் இருபத்திரண்டு பேரின் பட்டியலை ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் மருதமுத்துவின் கையாலேயே எழுத வைத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். சயாமுக்குப் போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அதன் பிறகு மோட்டார் சத்தம் ஒரு மாதிரி மாறினாலே ஓடிப்போய் அதன்மேல் கையை வைத்துப் பார்ப்பேன். மெல்லிய செம்பு இழையைப் போட்டுப் பார்த்தேன், மோட்டார் கிளம்பும்போது ஒரு மூச்சு அதிகமாகக் கரண்டு இழுக்குமே, அதற்கே போய்விட்டது. ஓர் இழை கூட்டினால் மோட்டார் நின்று திணறினாலும் போகவில்லை. செம்பு உன் பெரிய மாமா மாதிரி, ஒன்று எடுத்தவுடன் கோபம் வரும், இல்லாவிட்டால் வரவே வராது. எனக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோபப்படுகிற ஆள் வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு அப்படிப்பட்டது என்று கையில் வைத்து உருக்கியவனுக்குத் தெரியும், ஆனால் அதை ஒரே கனமாகக் கம்பியாக்குவது எப்படி. அப்போதுதான் கலியாணசுந்தரப் பத்தர் ஞாபகம் வந்தது. தங்கத்தைக் கம்பியாக இழுக்க அவரிடம் ஓர் இரும்பு அச்சு உண்டு, பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையாக இழுக்க இழுக்கக் கம்பி மெலிந்துகொண்டே வரும்.

போய்க் கேட்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். ஏய்யா தியாகு, தங்கம் இழுத்த அச்சுல ஈயத்தை நுழைக்கச் சொல்றியே, ஒரு துளி ஈயம் ஒட்டினா தங்கம் நொறுங்கிப் போகுமேய்யா, மீசையோட புத்தியும் போயிடுச்சா என்று கேட்டார். அது அவர் தொழிலில் பெரிய தோஷம், எனக்குத் தெரியும், ஈயம் பட்ட கையோடு உலைப் பக்கம்கூட அண்டவிட மாட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் மகன் தேவதாஸ் எங்கள் மில்லில் மாவு சலிக்கிறவன், அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன், அதை நானும் சொல்லவில்லை அவரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மனிதர் அச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். இனிமே இது தங்கத்துக்கு ஆகாது, பரவாயில்ல, இப்ப எவன்யா தங்கம் கொண்டுவர்றான், அடுப்ப மூட்டு என்றார். உன் அம்மா இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த காலிப் பற்பசை ஈயக் குழாய்களையும் என்னிடமிருந்த பற்றாசையும் உருக்கி, நீளமாக வார்த்து, அவர் குறட்டால் இழுக்க நான் பின்னால் பிடித்துக்கொள்ள, சாயங்காலத்துக்குள் ஏழு துளைக்கும் ஏழு விதக் கம்பி ஆகிவிட்டது. எட்டு தடவை அறுந்தது, ஒன்பது தடவை திட்டினார்.

எந்தத் துளைக் கம்பி சரி என்று பார்ப்பதற்குத்தான் கூத்து நடந்தது. மோட்டாரிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா, இருப்பது ஒன்று. உப்புத் தண்ணீர்ப் பீப்பாயில் இரண்டு இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டுக் கரண்டைப் பாய்ச்சினால், தகட்டை இறக்க இறக்கக் கரண்டு ஏறும், வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம், இது முன்னே ஒரு துரை செய்து பார்த்திருக்கிறேன். உப்புக்கு எங்கே போவது, கடல்தான் இருக்கிறதே. மருதமுத்துவும் நானும் பண்டார் ஹிலிர் கரையில் பீப்பாயை நிரப்பித் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தோம். வழியிலேயே பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள் சட்டியோடு வர ஆரம்பித்தார்கள், உப்புக் காய்ச்சப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். இல்லம்மா, கரண்டு விடப் போறோம் என்றால், கொஞ்சம் விட்டுட்டு மிச்சத்தக் குடுங்கண்ணே என்கிறாள் ஒருத்தி. நான் கடல் தண்ணீரை அப்படியே வைத்து ஆரம்பித்ததில் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரேயடியாகத் தாவிவிட்டது, பிறகு ரசத்துக்கு விளாவுவதுபோல் கிணற்றுத் தண்ணீர் கலந்து கலந்து பக்குவத்துக்குக் கொண்டுவந்தேன். மருதமுத்து தகட்டை இறக்க, நான் முள்ளைப் பார்க்க, பத்தர் எண்ண. நம் மோட்டார் ஓடும்போது இருபது ஆம்பியர் எடுக்கும். மூன்றாம் துளைக் கம்பி அறுபதுக்கும் அசையவில்லை. ஏழாம் துளைக் கம்பி இருபத்தைந்திலேயே சொட்டிவிட்டது. ஐந்தாம் துளைக் கம்பி இருக்கிறதே வேணி, முப்பதில் சும்மா இருந்தது, நாற்பத்தைந்தில் பத்தர் ஒன்று இரண்டு என்று எண்ணி ஒன்பது வருகையில் நடுவில் நெகிழ்ந்து அறுந்தது. இன்னொன்று போட்டோம், அதுவும் ஒன்பது. இன்னொன்று, பத்து. நான் பத்தரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அவர், விடுய்யா, மேலெல்லாம் ஈயம் என்று தள்ளிவிட்டார். அறுகிறபோது உருகின ஈயம் தெறிக்கிறதே என்று பார்த்தேன், முகத்தில் இழக்க இனி புருவம்தான் பாக்கி. அதற்கும் வழி செய்தேன். பழைய வீடுகளில் சுவருக்குள் வயர் நுழையப் பீங்கான் குழாய் வைப்பார்கள் அல்லவா, அதை நறுக்கி, கம்பியை உள்ளே விட்டு, சலித்து வறுத்த மணலை நெருக்கி நிரப்பினேன். மணல் சேர்ந்ததும் கம்பி இன்னும் கொஞ்சம் பொறுத்தது, மறுபடி பீப்பாயில் வைத்து எண்ணினோம், பன்னிரண்டு. போகட்டும் என்று விட்டேன். இப்போது அறுந்தால் வெளிச்சமும் கிடையாது, தெறிப்பும் கிடையாது, டொப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பட்டாளத்து லாரி மாவுக்காக வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. உருளை ஒரு முனகல் முனகியது, பெல்ட் வழுக்கிக் கிறீச்சிட்டது. டொப், டொப். மில் நின்றுபோயிற்று. மேனேஜர் ஓடிவந்தார், பெரிய கம்பி போட்டு ஓட்டு என்று மலாயில் கத்தினார். நான் மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபியூஸ் கட்டையையும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போர்டுக்கு முன்னால் நின்றேன். என் வாயில் ஜப்பான் பாஷை நாலு வார்த்தைதான் உண்டு, பயத்தில் மூன்று மறந்துவிட்டது, மிஞ்சிய ஒன்றை வைத்து, பெரிய கம்பி போட்டா மோட்டார் சயோனாரா என்றேன். விட்டார் ஓர் அறை. மீசை இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். திரும்பவும் கையை ஓங்கினார், நான் நகரவில்லை, மருதமுத்துவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அண்ணே அசையாதீங்க, நான் திறந்துடறேன் என்று உருளையின் மூடியைக் கழற்றிவிட்டான். உள்ளே கிழங்கோடு கிழங்காக ஒரு சங்கூல் மண்வெட்டியின் உடைந்த முனை, என் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு, உருளைப் பல்லுக்குள் கடிபட்டுக் கிடக்கிறது. எல்லாரும் மோட்டாரைப் பார்த்தார்கள். நான் போய் அதன்மேல் கையை வைத்தேன், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி அளவுக்குத்தான் சூடு. மேனேஜரும் தன் கையை வைத்துப் பார்த்தார், வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு ஒரு சிகரெட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி மருதமுத்துவிடம் கொடுக்க, அவன் அதைக் காதில் செருகிக்கொண்டு, தியாகண்ணே ஃபியூஸ் போட்டா உடனே போயிடும் என்று உரக்கச் சொன்னானே பார், மில்லே சிரித்தது, என் பதினெட்டு வருடத்தில் இதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்ததில்லை. முப்பது நிமிடத்தில் புதுக் கம்பி போட்டு ஓட்டிவிட்டோம். சாயங்காலம் பத்தர் வந்து, நம்ம கம்பி எப்படிய்யா போச்சு, காட்டு என்று அந்த மணலைக் கொட்டி, உருகின மணிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் இரண்டு டஜன் செய்யச் சொல்லி மேனேஜர் உத்தரவு. குழாயின் வெளியே சிறு துண்டு நூல் ஒன்று கட்டி, உள்ளே கம்பி போனால் அது கருகி விழும்படி செய்ய முடியுமா என்று பார்க்கிறேன், எது போனது என்று தேட வேண்டாமல் இருக்கும். இதை நினைத்துக்கொண்டு நேற்றுக் காலை கஞ்சியில் உப்புக்குப் பதில் மணலைப் போட்டுவிட்டேன், அம்மா இன்னும் பேசவில்லை.

உன் ஆஸ்பத்திரியில் ஃபியூஸ் போனால் யாராவது கம்பிக்குப் பதில் ஆணியை வைக்க வருவார்கள், விடாதே, எங்கப்பா வயர்மேன் என்று சொல்லிச் சண்டை போடு. முதலில் எதனால் போனது என்று பார்க்கச் சொல். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கொய்னா மாத்திரையைக் கசக்கிறதென்று துப்பாதே, நோயாளிக்குச் சொல்கிறவள் நீயே செய்யாவிட்டால் எப்படி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இத்துடன் கிழங்கு மாவு இரண்டு கட்டி எடை, பத்து முட்டையில் உடையாமல் வந்து சேர்கிறவை, அம்மாவின் பழைய சேலையில் தைத்த இரண்டு ரவிக்கை. உமருக்கு ஒரு வாய் காப்பித் தண்ணீராவது கொடு, பதில் அவரிடமே கொடுத்தனுப்பு, நாலு வரியானாலும் உன் கையால் எழுது. எங்கிருந்தாலும் உன் கை பட்ட நோயாளி எழுந்து நடக்க வேண்டும், நீ நீடூழி நன்றாயிருக்க வேண்டும். அடுப்பில் போட மறக்காதே.

இப்படிக்கு, மீசையில்லாத உன் அப்பா,
சி. தியாகு

வேணி, மேலே உள்ளதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், சிரித்தாள், அறை வாங்கிய இடத்தில் மட்டும் அழுதாள். மேனேஜருக்கு முன்னால் நான் நகராமல் நின்றதை, மற்ற ஆட்களுக்காக நின்றேன் என்று தெருவெல்லாம் சொல்கிறார்கள், அவளும் அப்படித்தான் நம்புகிறாள். வயர்மேனை எங்கேயும் அனுப்ப மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. மருதமுத்து எழுதிய அந்தப் பட்டியல் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதில் முதல் பெயர் என்னுடையது. இந்த நாலு வரியை அவளுக்கு வாசிக்கவில்லை.