நீலச் சட்டைக் கை

என் வீட்டுக்காரருக்கு,

பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச அருவருப்பாக இருப்பதால் எழுதுகிறேன்.

நகர்மன்றக் கட்டடத்தில் பெண் உறுப்பினர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று இன்று தீர்மானம் கொண்டுவந்தேன். "இதுக்கெல்லாம் ஒரு தீர்மானமா? வீட்லயே போயிட்டு வரலாம்ல?" என்றார் தலைவர். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது பதினொரு கைகள் எழுந்தன. ஒரு கை, காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டைக்குள் இருந்தது. யார் யார் எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில் பெயரோடு பதியச் சொன்னேன்.

"எதிர்த்தவங்க பேரையும் எழுதணுமாம்மா?" என்று எழுத்தர் கேட்டார். வேண்டாமென்று நீங்கள் அவருக்குக் கண்ஜாடை காட்டினீர்கள்.

"எழுதுங்க. நீலச் சட்டையில இருந்து ஆரம்பிங்க" என்றேன்.

அடுத்த கூட்டத்திலும் இதே தீர்மானம் வரும். அன்றைக்குச் சட்டை கசங்கியிருந்தால் உங்கள் தலைவரிடம் கொடுத்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசை உறுப்பினர்