அம்மா அழுத்திய அப்டேட்

பிடிவாதத்திலும் பிரியத்திலும் குறை வைக்காத என் அப்பாவுக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கணினி போய்விட்டது. அதிலிருந்த உங்கள் பாட்டுகளும் போய்விட்டன.

ஒருமுறை அப்டேட் ஆனதும் மைக் வேலை செய்யவில்லை என்று நீங்கள் அப்டேட்டையே அடியோடு நிறுத்திவைத்தீர்கள். "ஓடுற வண்டியை எதுக்குடா நோண்டுற?" மாதா கோயில் பாடகர் குழுவுக்காக நீங்கள் பாடிப் பதிந்ததெல்லாம் அந்தப் பழைய விண்டோஸில்தான். நீங்கள் இறந்துபோனபிறகு அம்மாவுக்கும் அதுவே சட்டம். காலைப் பூசைக்குப் போய்வந்ததும் உங்கள் குரலைப் போட்டு, வரி மாற்றி வரி கூடவே பாடுவார்கள். நான் அடையாறிலிருந்து வரும்போதெல்லாம் அப்டேட் செய்யச் சொல்லிக் கத்துவேன்.

போன வாரம் திரையில் ஒரு எச்சரிக்கை: கணினிக்கு ஆபத்து, உடனே புதுப்பியுங்கள். நல்ல தமிழில். உண்மையான அறிவிப்புகள் இங்கிலீஷில் வரும், அம்மா மூடிவிடுவார்கள். இது தமிழில் கேட்டதால் நம்பி அழுத்திவிட்டார்கள்.

"நீ வந்து கத்துறதுக்குள்ள நானே முடிச்சிட்டேன், பாத்தியா?" போனில் ஒரே பெருமை. "இப்ப இன்னாமோ பூட்டுப் படம் காட்டுது. எவ்ளோ நேரம்டா ஆவும்?"

அது அப்டேட்டே இல்லை அப்பா. அந்தப் பொய் எச்சரிக்கை வழியாக எவனோ திருடன் நுழைந்து, பணம் பறிக்க எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டான்.

கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் என் நண்பன் குமரனிடம் காட்டினேன். "மச்சி, சாவி அவன்கிட்ட கீது. காசு குடுத்தாலும் தருவான்னு நம்ப முடியாது. நம்மளால ஆவாது. பேக்கப் இருக்குல்ல?"

இருந்தது. என் தொல்லை தாங்காமல் நீங்கள் எடுத்த காப்பி. அதே டிஸ்கில், 'பத்திரம்' என்று பெயர் வைத்த இன்னொரு ஃபோல்டரில்! அதையும் சேர்த்தே பூட்டிவிட்டான். குமரன் சிரித்துவிட்டான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நீ இன்ஜினியர்தானே? ஈஸ்டருக்குள்ள எடுத்துக் குடுத்துடு" என்கிறார்கள் அம்மா. கணினியை அணைக்கவும் விடுவதில்லை. அதன் எதிரில் உட்கார்ந்து பாடுகிறார்கள். உங்கள் வரி வரும் இடத்தில் நிறுத்தி, அது முடியும் அளவுக்குக் காத்திருந்து, பிறகு தம் வரியை எடுக்கிறார்கள். இதை எப்படி நான் சரிசெய்வேன்?

புது டிஸ்க் போட்டுப் புது விண்டோஸ் ஏற்றுவேன். அது ஒழுங்காக அப்டேட் ஆகும். அதில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

என்றாவது திறக்கும் என்று அம்மாவிடம் பொய் சொல்லமாட்டேன். வரும் ஞாயிறு பூசை முடிந்து, அவர்கள் பாட உட்காரும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

உங்கள் மகன்,
பாட வராத அருள்