மருமகனைக் கூரைக்கு ஏற்றினேன்

என் அன்புக்குரிய தவத்துக்கு,

“ஏனப்பா, எப்ப பார்த்தாலும் அந்தாளைக் கிடங்குக்குள்ளயே கொண்டுபோய் விடுறியள்?” என்று நீர் ஒரு பின்னேரம் கேட்டீர். ரீவி விளையாட்டில் துப்பாக்கிக்காரர்கள் எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் குளிர்மை என்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீர் சிரித்தீர். கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

வாழ்நாளெல்லாம் கணிதம் படிப்பித்தவன் நான். ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், அடுத்த நாள் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். உமக்கு மட்டும் பதில் பிந்திவிட்டது. அதை இன்றைக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், உமக்குத் தெரிந்த சிலதையும் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும்.

உமக்குப் பாரிசவாதம் வந்து இடது கை வழங்காமல் போன அந்த மாரிக்குப் பிறகு, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பிள்ளை ஒரு ரப்பர் பந்தைத் தந்து, இடைக்கிடை அமத்தச் சொன்னா. நீர் இரண்டு நாள் அமத்தினீர். பிறகு பந்து கோழிக்கூட்டடியில் கிடந்தது. “நானென்ன சின்னப்பிள்ளையே?” என்றீர். அப்படிச் சொன்ன நீர்தான், மகன் சுதன் கனடாவுக்குப் போகும்போது ரீவிக்குக் கீழே விட்டுப்போன கேம் பெட்டியைத் தூசு தட்டி எடுத்தீர்.

அதன் கொன்ட்ரோலரை நான் அதுவரை தொட்டதில்லை. இடது பெருவிரலுக்கு ஒரு குமிழ். அதைத் தள்ளினால் ஆள் நடப்பான். வலது பெருவிரலுக்கு நாலு பட்டன். அடிக்க, தடுக்க, பாய, கயிறு எறிய. உம்முடைய வலது கைக்கு ஒரு குறையும் இல்லை. இடது பெருவிரல்தான் குமிழின் மேல் அசையாமல் கிடந்தது. ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். நீர் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்.

நான் உம்முடைய இடது பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். உம்முடைய பெருவிரலை எடுக்காமலே, அதன் மேல் என் பெருவிரலை வைத்துத் தள்ளினேன். ஆள் நடந்தான்.

எழுதப் பழகும் பிள்ளைக்கும் இப்படித்தான் செய்வோம். பென்சிலைப் பறித்து நாங்கள் எழுதிக்காட்டினால் அது எங்களுடைய எழுத்து. பிள்ளையின் கைக்கு மேல் கையை வைத்தால், கோணலாக வந்தாலும் அது பிள்ளையுடைய எழுத்து.

கறுப்பு உடுப்பு, முகமூடி, இடுப்பில் கயிறு. அவனுக்கு நீர் ‘மருமகன்’ என்று பெயர் வைத்தீர். சாப்பாடு கேட்கமாட்டான், சீதனம் கேட்கமாட்டான், வாயும் திறக்கமாட்டான். பெண்பிள்ளை பெறாத எங்களுக்கு இதைவிட நல்ல மருமகன் எங்கே கிடைப்பான் என்றீர். வீதிச் சண்டைகளில் நீர் விண்ணி, உம்மை வெல்ல ஆளில்லை. எதிரியின் தலைக்கு மேல் ஒரு நீல அடையாளம் மின்னும். அந்தக் கணத்தில் பட்டனை அமத்தினால் அடி அவனுக்கே திரும்பும். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய உம்முடைய கைக்கு அந்தக் கணம் தப்பவே தப்பாது.

வேலிக்கு அந்தப் பக்கம் கச்சான் பயிர் செய்யும் பெருமாள் தேத்தண்ணி நேரத்தில் வந்து உட்காருவார். பாட்டன் காலத்தில் மலையகத் தோட்டத்தில் இருந்த குடும்பம். கேள்விகள் எல்லாம் கூலிக் கணக்கில்தான் வரும். “இந்த அடி அடிக்கிறாரே, இவருக்கு யாரும்மா சம்பளம் குடுக்கிறது?” என்று உம்மிடம் கேட்டார். மாமனாரிடம் கேளுங்கோ என்று நீர் என்னைக் காட்டினீர்.

அடிதடி மட்டும் என்றால் நாங்கள் எப்போதோ முடித்திருப்போம். வில்லங்கம் அந்தப் பழைய துணி ஆலையில் வந்தது. உள்ளே சிலரைக் கட்டிவைத்திருந்தார்கள். சுற்றிவரத் துப்பாக்கிக்காரர்கள், நீர் அவர்களைச் ‘சென்றி’ என்பீர். மருமகனுக்குக் கையடி தாங்கும், வெடி தாங்காது. ஆகவே கண்ணில் படாமல் போய் ஒவ்வொருவராக விழுத்தவேண்டும். ஒருவன் கண்டுவிட்டாலும் சங்கு ஊதும். தேடுவார்கள். தேடியும் நாங்கள் அகப்படாமல் கீழே கிடந்தால், கட்டிவைத்தவர்களில் ஒருவரைச் சுடுவார்கள். முதலில் எப்போதும் ஆலையின் காவற்காரர், அந்த வோச்சர்தான். மூக்குக்கண்ணாடி போட்ட, வயதான மனுசன்.

இப்போது உம்முடைய கேள்விக்கு வருகிறேன். சங்கு ஊதியதும் என் விரல் மருமகனைக் கீழே கொண்டுபோய்விடும். தண்ணீர் ஓடும் வாய்க்கால், இயந்திரத்துக்குக் கீழ் உள்ள கிடங்கு, எது கிட்டவோ அது. நான் யோசித்துச் செய்யவில்லை. சண்டைக் காலத்தில் விசுவமடுவிலிருந்து கடற்கரை வரைக்கும், நாங்கள் போய்த் தங்கிய இடமெல்லாம் முதலில் வெட்டியது பதுங்குகுழிதான். அடுப்பு அதற்குப் பிறகு. சத்தம் கேட்டால் கீழே. யோசித்தவர்கள் பிந்தினார்கள். நாங்கள் யோசிக்கவில்லை, அதனால் இருந்தோம். என் விரலுக்கு அந்தப் பாடம் அவ்வளவு நன்றாகப் பாடமாகிவிட்டது.

நீரும் அதே குழிக்குள்தான் இருந்தீர். ஆனால் உம்முடைய விரல் படித்தது வேறு. ஒரு நாள் நான் மருமகனை வாய்க்காலுக்கு இழுக்க, நீர் கயிற்றுப் பட்டனை அமத்தினீர். அவன் கூரைக்குப் பாதி வழியில் பல்லிபோலத் தொங்கி, சென்றிக்காரர் நடுவே போய் விழுந்தான். பெருமாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீர் சிரிக்கவில்லை.

“இனி ஒரு குழிக்குள்ளயும் இறங்கமாட்டன். விளையாட்டுக்கும் இறங்கமாட்டன்” என்றீர். அடுத்த ஆட்டத்தில் நான் கிடங்குக்குள் இறங்கியதால் சுடப்பட்ட வோச்சரைக் காட்டி, “நீங்கள் பயந்ததுக்கு அவர் ஏன் சாகவேணும்?” என்று கேட்டீர்.

கீழே போனால் பிழைக்கலாம் என்பதுதான் எனக்குத் தெரியும். கீழே போனவனால் மற்றவனை வெளியே கொண்டுவர முடியாது என்பதை அந்த விளையாட்டு திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த விஷயம் நடந்தது. சங்கு ஊதியது. நான் வழக்கம்போலக் குமிழைக் கீழே இழுத்தேன். என் விரலுக்குக் கீழே ஏதோ தடுத்தது. கொன்ட்ரோலர் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், உம்முடைய பெருவிரல் எனக்கு எதிராகத் தள்ளிக்கொண்டிருந்தது. மெல்லத்தான். ஆனால் தள்ளியது. மருமகனை இருவரும் மறந்துபோனோம்; அவன் வெடிபட்டு விழுந்தான். நீர் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தப் பிள்ளை விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்ரி என்ன பயிற்சி செய்தனீங்கள் என்று கேட்டா. “மனுசனோட சண்டை பிடிச்சனான்” என்றீர்.

அந்தச் சண்டையில் நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அதே வருத்தம் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை அது கையோடு நிற்கவில்லை. வார்டில் உம்முடைய கதை குழறிக்குழறி வந்தது. ஒரு காலையில் தெளிவாக, “ஆளை வெளியில கொண்டுவாங்கோ” என்றீர். எந்த ஆளை என்று நான் குனிந்து கேட்டேன். “ஆலைக்குள்ள நிக்கிறவரை.” தாதி, அம்மா மாறாட்டத்தில் கதைக்கிறா என்றா. நான் ஓம் என்றேன். தாதிக்குச் சொன்ன ஓம் அல்ல, உமக்குச் சொன்னது.

உம்முடைய ஆட்டைத் திவசம் முடியும்வரை கேம் பெட்டிக்கு மேல் துணி போட்டிருந்தேன். பிறகு எடுத்தேன். உட்கார்ந்தபோதுதான் விளங்கியது, எனக்கு நடக்க மட்டுமே தெரியும். அடிப்பதும் தடுப்பதும் கயிறு எறிவதும் உம்முடைய வேலை. என் வலது பெருவிரல் வெண்கட்டி பிடித்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. எனவே ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பினேன். முதல் வீதிச் சண்டையிலிருந்து தொடங்கி, நீல அடையாளம் கண்டதும் அமத்தப் பழகினேன். நாலு ரவுடிகளிடம் வாங்காத அடியெல்லாம் வாங்கினேன். பெருமாள், “மாஸ்டர், அம்மா இருந்தா இவனுக தூக்கம் கெட்டிருக்கும்” என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணியைக் குடிப்பார்.

சுதன் தொலைபேசியில், லேசான மட்டத்துக்கு மாற்றிவிடுங்கோ அப்பா, ஒருவருக்கும் தெரியாது என்றான். வினாத்தாளை லேசாக்கிவிட்டுச் சித்தியடைந்தேன் என்று உம்மிடம் எப்படிச் சொல்வது? வேண்டாமென்றேன். அம்மா மாதிரிக் கதைக்கிறியள் என்றான்.

ஆலைக்குள் போய், பல நாட்கள் ஒன்றும் செய்யாமல் அந்தச் சென்றிக்காரரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எத்தனையோ பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்தவன் நான். நடந்து திரியும் மேற்பார்வையாளர் காண்பது கொஞ்சம்; தான் நடக்கும் வரிசையைத்தான் காண்பார். இவர்களும் அப்படியே. முன்னால் பார்க்கிறார்கள், பக்கத்தில் பார்க்கிறார்கள், வாய்க்காலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள். மேலே மட்டும் பார்க்கிறார்களில்லை. அது எனக்குப் பெரிய ஆச்சரியம். வானத்தில் சத்தம் கேட்டு ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்தவர்களாக இருந்தால் இப்படி நடப்பார்களா? நீர் இதைக் கவனித்துவிட்டுத்தான் கயிற்றை எறிந்தீரா, இல்லை குழி பிடிக்காமல் மட்டும் எறிந்தீரா? அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

போன கிழமை ஒரு பின்னேரம். இரண்டு பேரை விழுத்திவிட்டேன். மூன்றாமவன் அவர்களில் ஒருவனைக் கண்டுவிட்டான். சங்கு ஊதியது. வாய்க்கால் பக்கத்திலேயே இருந்தது. என் இடது பெருவிரல் கீழே போகத் தொடங்கிவிட்டது. வோச்சர் தெரிந்தார், ஒரு தூணில் கட்டியிருந்தார்கள், கண்ணாடி சரிந்திருந்தது.

உம்முடைய விரல் வந்து தள்ளியது என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் நீர் சிரிப்பீர். நான்தான் மேலே தள்ளினேன். முதுகு முழுக்க வேர்த்தது, இது விளையாட்டு என்று தெரிந்தும் வேர்த்தது. கயிற்றுப் பட்டனை அமத்தினேன். மருமகன் கூரை வளையில் போய்க் குந்தினான். கீழே சென்றிக்காரர் ஓடிவந்து, நாங்கள் வழக்கமாகப் படுக்கும் அதே இடத்தில் விளக்கைப் பிடித்துத் தேடினார்கள். பெருமாள் கோப்பையைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொறுத்திருந்தேன். அவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். தூணடியில் நின்றவன் திரும்பியதும், அவன் வோச்சரைச் சுடுமுன், அவனுக்குப் பின்னால் இறங்கினேன். அவன் கண்டுவிட்டுத் துவக்குப்பிடியை ஓங்கினான். நீல அடையாளம் மின்னியது. அமத்தினேன். சரியான கணந்தான், தவம். நீர் பார்த்திருந்தாலும் பிழை சொல்லியிருக்கமாட்டீர்.

மற்றவர்களையும் விழுத்தியபின், கட்டை அவிழ்த்தேன். வோச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, கதவால் வெளியே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. “வீட்டுல தேடுவாங்க, அதான் அவசரம்” என்றார் பெருமாள்.

விளையாட்டு அதைப் பதிவுசெய்யுமுன் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது ஆலை பழையபடி. வோச்சர் பழையபடி தூணில். பெருமாள் என்னைவிடக் கவலைப்பட்டார். நான் கவலைப்படவில்லை. அடுத்த நாள் பின்னேரம் மறுபடியும் செய்தேன், இந்த முறை சங்கே ஊதாமல். முதல் தடவையைத் தற்செயல் என்று நீர் சொல்லியிருப்பீர். இரண்டாம் தடவைக்கு என்ன சொல்வீர்?

மற்றப்படி இங்கே எல்லாரும் சுகம். கோழிகள் இப்போதும் உம்முடைய குசினி வாசலுக்குத்தான் வருகின்றன. கூட்டடியில் கிடந்த ரப்பர் பந்தைக் கழுவி எடுத்திருக்கிறேன். என் வலது பெருவிரல் நோகிறது.

விளையாட்டில் அடுத்த கட்டம் ஒரு துறைமுகமாம். அங்கேயும் மேலால்தான் போவேன். ஒருவரையும் உள்ளே விட்டுவிட்டு வரமாட்டேன். இது நான் உமக்குத் தரும் வாக்கு.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் கை வழங்காத ஒருவர் இருந்தால், அவருடைய வேலையை நீங்கள் செய்துகொடுக்காதீர்கள். அவருடைய விரலின் மேல் உங்கள் விரலை வைத்துச் செய்யுங்கள். அந்த விரல் எதிர்த்துத் தள்ளும் நாளில், உங்கள் விரலை எடுத்துவிடுங்கள்.

இடது பக்கத்துக் கதிரையிலிருந்து,
உம்முடைய மனுசன்