நேர்ச்சையும் ஜிகினாவின் வயிறும்

என் அன்பு மகள் ஈவ்லினுக்கு, அம்மா எழுதுவது. இறைவன் அருளால் நானும் அப்பாவும் சுகம். அந்தக் குளிரில் மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். சுகமில்லாமல் கிடப்பது உன் பூனை ஜிகினாதான். ஃபோனில் சொன்னால் அப்பா காதில் விழும், ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன், பதறாமல் படி.

ஜனவரியில் நீ அங்கே நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ பிழைத்து எழுந்தால் இந்தத் தவக்காலம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதையும் இந்த வீட்டில் கையால்கூடத் தொடுவதில்லை என்று அப்பா சாந்தோம் கோயிலில் நேர்ந்துகொண்டார், உனக்குச் சொல்லவில்லை. வழக்கமாக வெள்ளிக்கிழமை கறியை மட்டும்தானே விடுவோம், மீன் எப்போதும் உண்டு, ஜிகினாவுக்கும் அவித்த சங்கரா மீன் தவறியதில்லை. இந்த வருடம் அவளுக்கும் சேர்த்து நிறுத்தியாயிற்று. பூனையும் நம்ம வீட்டு உசுருதானே, ஈவுக்காக அதுவும் வாயைக் கட்டி ஒறுத்தல் இருக்கட்டுமே என்றார் அப்பா. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மனையியல் படித்தவள் இல்லையா, மீனில் இருக்கிற புரோட்டீன் சோயாவிலும் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, மீல்மேக்கரை அவித்துப் பிழிந்து, பனீரும் பாலும் சேர்த்துப் பிசைந்து வைத்தேன். முதலில் முகர்ந்துவிட்டுப் போனாள், பிறகு பசியில் தின்றாள், அப்புறம் பிடித்துக்கொண்டது வயிற்றுப்போக்கு. கீழ் வீட்டு ஜலஜா மாமி, தயிர் சாதம் பிசைஞ்சு வையேன் நோரா, வயிறு கட்டிடும் என்றார், அதையும் வைத்தேன், இன்னும் மோசமானது. நேற்று சளியும் ரத்தமுமாகப் போனாள். இப்போது தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை, பீரோவுக்கு அடியில் கிடக்கிறாள், கூப்பிட்டால் வாலை மட்டும் அசைக்கிறாள்.

இன்று நந்தனத்தில் கால்நடை டாக்டர் ஷ்ரேயாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஆன்ட்டி, பூனைக்குக் குடல் குட்டை, கறி மீனைத்தான் அது சரியா செரிக்கும், சோயா பருப்பெல்லாம் பாதி செரிக்காம பெருங்குடலுக்குப் போயி அங்க இருக்கற கெட்ட கிருமிக்குத் தீனி ஆயிடுது, நல்ல கிருமி அடங்கிடுது, பாலும் சேர்ந்தா கேக்கவே வேணாம் என்றாள். இனி வெறும் கோழிக்கறியை, உப்பு மசாலா இல்லாமல், வேறு எதுவும் கலக்காமல் அவித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டுமாம். ஊசி போட்டிருக்கிறாள். ஆனா பூனை பட்டினி கிடக்கக் கூடாது ஆன்ட்டி, ஈரல் போயிடும், நாளைக்குள்ள சாப்பிட வைங்க என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

அப்பாவிடம் சொன்னேன். நேர்ந்தது நேர்ந்ததுதான் நோரா, பொண்ணு மூச்சை வெச்சு நேர்ந்தது, பூனைக்காக மாத்தினா ஆண்டவர் இன்னான்னு நெனப்பார் என்கிறார். பங்குச் சாமியாரைக் கேட்கலாம் என்றால் அவர் தியானத்துக்குப் போயிருக்கிறார், ஞாயிறுதான் வருவார், ஜிகினாவுக்கு ஞாயிறு வரை ஏது? அப்பாவையும் குறை சொல்ல முடியவில்லை, பீரோவுக்கு முன்னால் தரையில் படுத்து, வாடி தங்கம், ஒரு வாய் என்று பனீரை நீட்டிக்கொண்டு அழுகிறார். எனக்கும் பயம்தான் ஈவு. சோயாவுக்குக் கணக்குப் போட்ட புத்தி, நேர்ச்சையை மீறினால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் கணக்குப் போட்டுத் தர மாட்டேன் என்கிறது.

ஆனாலும் முடிவு செய்துவிட்டேன். நாளை காலையில் அப்பா பூசைக்குக் கிளம்பியதும் கோழி வாங்கி வந்து அவிக்கப் போகிறேன். நேர்ந்தவர் அவர், தொடுவது நான், பாவம் இருந்தால் என் தலையோடு போகட்டும். அவர் திரும்பி வந்ததும் நானே சொல்லிவிடுவேன், நீ முந்திக்கொள்ளாதே.

மாதாவும் வானத்துச் சம்மனசுகளும் உன்னைச் சூழ்ந்திருக்கட்டும். வெளியே போகும்போது நெஞ்சை மூடிக் கம்பளி போட்டுக்கொள், ஈரத் தலையோடு படுக்காதே. அங்கே விடிந்து நீ விழித்ததும், இருமல் இல்லை, மூச்சு சரியாக இருக்கிறது என்று முதலில் எழுது. ஜிகினா தின்றாளா என்று அப்புறம் கேள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நோரா ஞானதாஸ்